விலை பேசும் முன் சுழி பாருங்கள், அம்மணி

ஈரோடு மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயர், ஊர், ஓவியரின் பெயர், வியாபாரியின் அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகியின் மாமனார் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றைச் சிறிய அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலைப் பறியும் வடமும், மரச்செக்கு, குழித்தறி, காங்கேயம் காளைகளின் கழுத்து மணிகள் என்று நம் பக்கத்துப் பொருட்கள்தான் அங்கே அதிகம். வாசகிதான் அறக்கட்டளையின் செயலாளர். ஆறு வாரங்களுக்கு முன்பு கோவையிலிருந்து ஒரு கலைப்பொருள் வியாபாரி எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். நான்கடிக்கு மூன்றடி. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை. புழுதி, வெயில், தலைப்பாகைகள். கீழே வலது மூலையில் ஓவியரின் கையெழுத்தும் 1948 என்ற ஆண்டும். "மாட்டி வெச்சுப் பாருங்க, புடிச்சா பேசிக்கலாம்" என்று விட்டுவிட்டுப் போனவர், இப்போது 38 லட்சம் கேட்கிறார். பம்பாயில் ஓர் ஆள் தயாராக இருக்கிறாராம். ஆடிப் பதினெட்டுக்குள் 10 லட்சம் அட்வான்ஸ் வேண்டும். மொத்தத்தில் 15 லட்சம் ரொக்கமாக வேண்டும். பில் 23 லட்சத்துக்குத்தான் போடுவாராம். கூடவே மூன்று லட்சத்துக்குத் தஞ்சாவூர் பாணி ராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்றும் தருகிறாராம். "120 வருசப் பழசு, ஒரு பஜனை மடத்துல இருந்தது" என்பது அவர் சொன்ன வரலாறு.

இதற்கிடையில் வேறொன்று நடந்திருக்கிறது. ஓவியரின் மகள் கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறார், வயது 76. பேரனோடு அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர், படத்தைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். 1972-இல் சென்னையில் கண்காட்சி வைப்பதாகச் சொல்லி ஒருவர் அப்பாவிடமிருந்து எட்டுப் படங்கள் எடுத்துப் போனாராம். ஆறு திரும்பி வந்தன, இரண்டு வரவில்லை. 1974-இல் அப்பா இறந்துவிட்டார். "படம் நம்மூர்லயே இருக்கட்டும் கண்ணு. ஆனா எங்கப்பன் வித்தார்னு மட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குத் திருப்பூரில் ஒரு தம்பி உண்டு.

மாமனாரோ, ஐம்பது வருடம் போன பிறகு சட்டம் எதையும் கேட்காது, பில் இருந்தால் போதும், அந்த அம்மாவின் கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார். வாசகி கேட்பவை: விலையை எவ்வளவு குறைக்கலாம்? அட்வான்ஸ் கொடுத்து மனம் மாறினால் திரும்பக் கிடைக்குமா? பழைய படம் என்பதால் தொல்லியல் துறையில் பதிய வேண்டுமா? படத்தை அஞ்சலட்டையாகவும் தினக்காட்டியாகவும் அச்சிடலாமா?

அன்புள்ள அம்மணி,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் கேட்க வேண்டிய ஐந்தாவது கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, அந்த அம்மாவின் அழுகையாக எழுதிவிட்டீர்கள். அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடிப்பதில்லை. பல் பார்ப்பார், உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை அதற்கப்புறம்தான். இந்தப் படத்தின் சுழி, அது வியாபாரியின் கைக்கு எப்படி வந்தது என்பது. அது தெரியாமல் 38-ஐ 30 ஆக்குவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

ஐம்பது வருடம் ஆகிவிட்டதே என்ற எண்ணம்

உங்கள் மாமனார் சொல்வது நிலத்தை வைத்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். பல வருடம் அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்ற எண்ணம் நம் ஊரில் வலுவானது. அசையும் பொருளுக்குக் கணக்கு வேறு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், திருடப்பட்ட அல்லது நேர்மையற்ற முறையில் அபகரிக்கப்பட்ட பொருளை மீட்க மூன்று வருட அவகாசம் உண்டு. அந்த மூன்று வருடம் பொருள் போன நாளிலிருந்து ஓடுவதில்லை. பொருள் யார் கையில் இருக்கிறது என்று உரிமையாளர் முதன்முதலாக அறியும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அந்த அம்மாவுக்கு அந்த நாள், உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்த நாளாகவே இருக்கலாம்.

பில் விஷயமும் அப்படியே. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27-ஆவது பிரிவில், விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்று தெளிவாகச் சொல்கிறது. ஜிஎஸ்டி கட்டிய பில்லாக இருந்தாலும் அது பணம் கொடுத்ததற்குச் சாட்சி, உரிமைக்குச் சாட்சி அல்ல.

வியாபாரியின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரைத் திருடராக எண்ண உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. 1972-க்கும் 1974-க்கும் இடையே, மகளிடம் சொல்லாமலே ஓவியர் அந்த இரண்டு படங்களையும் விற்றிருக்கலாம். கலைஞர் வீடுகளில் பணமுடை புதிதல்ல. அதே 27-ஆவது பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. உரிமையாளரின் சம்மதத்தோடு பொருளைக் கையில் வைத்திருக்கும் வணிக முகவர், தன் வழக்கமான வியாபாரத்தில் அதை விற்று, வாங்கியவரும் நல்லெண்ணத்தோடு, விவகாரம் எதுவும் தெரியாமல் வாங்கியிருந்தால், அந்த விற்பனை செல்லும். கண்காட்சி நடத்தியவர் அப்படிப்பட்ட முகவர்தான் என்று வியாபாரி வாதாடலாம். நீதிமன்றம் அதை ஏற்கவும் கூடும்.

ஆனால் "விவகாரம் எதுவும் தெரியாமல்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் அப்படி வாங்கியிருக்கலாம். உங்களுக்கு இப்போது தெரியும். அந்த அம்மா நேரில் வந்து சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் எதையும் விசாரிக்காமல் வாங்கினால், நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்று நீங்கள் வாதாட முடியாது. நம்பி ஒப்படைத்த பொருளை மோசடியாக விற்றாலும் குற்றவியல் சட்டத்தின் பார்வையில் அது திருட்டுச் சொத்துதான். திருட்டுச் சொத்து என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்குவது குற்றம். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அறக்கட்டளையின் தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போடப் போகிறவர் உங்கள் மாமனார் என்பதால் எழுதுகிறேன்.

பெரிய அருங்காட்சியகங்களே இதில் விழுந்திருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடம் வாங்கியது. சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதங்கள் அவர் கையில் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களில் அதே சிலை கோயிலுக்குள் நின்றது. 2014-இல் சிலை இந்தியா திரும்பியது. 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவ்வளவு வசதியும் நிபுணர்களும் உள்ள நிறுவனம், காகிதத்தை நம்பிச் சிலையை இழந்தது. உங்கள் விவகாரம் அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் உங்களிடம் காகிதம்கூட இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று மட்டும் வாங்குவதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது: உண்மை தெரிந்த ஒரு மனுஷி.

படம் உங்கள் சுவரில் தொங்குவதில் உள்ள சிக்கல்

இதை நீங்கள் சாதாரணமாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அவசரமாகத் தெரிகிறது. "பிடித்தால் பேசிக்கொள்ளலாம்" என்று கொடுத்துவிட்டுப் போன பொருளை, வேண்டாம் என்று சொல்லாமலே வைத்திருந்தால், குறித்த கெடு முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடு எதுவும் குறிக்காவிட்டால் நியாயமான காலம் முடிந்ததும். ஆறு வாரம் நியாயமான காலமா இல்லையா என்று நீதிமன்றத்தில் போய் வாதாடும் நிலைக்கு நீங்கள் வரக்கூடாது. அதேபோல், படத்தை உங்களுடையதாக நடத்தும் எந்தச் செயலும் சம்மதமாகிவிடும். திறப்பு விழா அழைப்பிதழில் இந்தப் படத்தைப் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்திவிடுங்கள்.

வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவதிலும் கவனம் வேண்டும். குறிப்பிட்ட ஒரு பொருளை, இருக்கிறபடியே, நிபந்தனை எதுவும் இல்லாமல் "சரி, எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டால், பணம் பிறகு கொடுப்பதாக இருந்தாலும் விற்பனை அப்போதே முடிந்ததாக ஆகலாம். அதன் பிறகு கூரை ஒழுகிப் படம் கெட்டால் நட்டம் உங்களுடையது. இப்போதைக்கு அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் மட்டுமே. சொந்தப் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கு உண்டு.

அப்படியென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைப்பீர்கள். சட்டப்படி அது உங்களுக்குப் பாதுகாப்பான வழி. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவருக்கு உரிமை இல்லாவிட்டாலும், நல்லெண்ணத்தோடு அவரிடமே பொருளைத் திருப்பிக் கொடுத்தவர் உண்மையான உரிமையாளருக்குப் பொறுப்பாவதில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் படம் பம்பாயில் இருக்கலாம். அந்த அம்மா இன்னொரு முறை அதைப் பார்க்கவே மாட்டார். அதே சட்டம், உரிமை கொண்டாடும் மூன்றாவது ஆள் நீதிமன்றத்துக்குப் போய், பொருளைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைக்கக் கேட்கலாம் என்றும் சொல்கிறது. அந்த வழி அவருக்கு உண்டு என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் வக்கீலாக இருக்கக்கூடாது.

நான் பரிந்துரைப்பது நடுவழி. இந்த வாரமே வியாபாரிக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் போகட்டும். இவ்வளவு இருந்தால் போதும்: "தாங்கள் பார்வைக்காக விட்டுச்சென்ற ஓவியத்தை நாங்கள் வாங்க இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஓவியரின் குடும்பத்தார் உரிமை குறித்து ஒரு விவரம் தெரிவித்துள்ளனர். 1948 முதல் இன்றுவரை ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்பதற்கான ஆவணங்களை அனுப்பவும். பரிசீலனைக்காக மேலும் 60 நாட்கள் ஓவியம் எங்கள் பாதுகாப்பில் இருக்கத் தங்கள் எழுத்துபூர்வமான சம்மதத்தைக் கோருகிறோம்." நேர்மையான வியாபாரியாக இருந்தால் வருத்தப்பட்டாலும் பதில் எழுதுவார், தான் வாங்கிய பில்லைத் தேடுவார். சம்மதம் தராமல் திருப்பிக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்த அம்மாவுக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

ரொக்கமும் அட்வான்ஸும்

ரொக்கத்துக்கு ஒரே பதில்: கூடாது. வருமான வரிச் சட்டப்படி ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அபராதம் அவருக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள். அறக்கட்டளையின் கணக்கில் அந்த 15 லட்சத்தை எங்கே எழுதுவீர்கள்? நாளைக்கு உரிமைத் தகராறு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், பில்லில் உள்ள 23-ஐத்தான் கேட்க முடியும்.

அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விற்பவருக்கு உரிமையே இல்லை என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நீங்களாகப் பின்வாங்கினால், அட்வான்ஸில் நியாயமான அளவை அவர் பிடித்துக்கொள்ள வழியுண்டு. ஆகவே, உரிமை நிரூபணமாகாவிட்டாலோ படம் அசல் இல்லை என்று தெரிந்தாலோ முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பம்பாய் ஆளைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். உரிமைத் தகராறு உள்ள படத்தை விவரம் தெரிந்த யாரும் ஆடிப் பதினெட்டுக்குள் வாங்க மாட்டார்.

பதிவு, பட்டாபிஷேகப் படம், அசல்

தொல்பொருள் சட்டம் உங்கள் குதிரைச் சந்தைக்குப் பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஓர் ஓவியம் தொல்பொருளாக நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்-கில் போன்ற சிலருடைய படைப்புகளை மத்திய அரசு கலைக் கருவூலம் என்று தனியாக அறிவித்திருக்கிறது. உங்கள் ஓவியர் அந்தப் பட்டியலில் இல்லை.

நீங்கள் இலவச இணைப்பைப் போல நினைக்கும் பட்டாபிஷேகப் படம்தான் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அது உண்மையிலேயே 120 வருடப் பழசு என்றால் அது தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய வியாபாரிக்கு உரிமம் வேண்டும், படம் பதிவாகியிருக்க வேண்டும், கை மாறியதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அருங்காட்சியகங்களுக்கு உள்ள விலக்கு, தனியார் அறக்கட்டளைக்குத் தானாக வந்துவிடாது. அதைவிட, "பஜனை மடத்தில் இருந்தது" என்ற அந்த வார்த்தை. மடத்துச் சொத்தை யார் விற்றார்கள், எந்த அதிகாரத்தில் விற்றார்கள்? அந்தப் படம் வேண்டாம், அம்மணி. மூன்று லட்சத்துக்கு வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

படம் அசலா என்பதற்கு, கையெழுத்தை விடப் படத்தின் முதுகு அதிகம் பேசும். ஃபிரேமின் மரம், ஆணி, ஃபிரேம் போட்ட கடையின் சீட்டு, கண்காட்சி எண் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். அக்ரிலிக் வண்ணம் இருந்தால் அது அநேகமாக 1948-இல் தீட்டியதாக இருக்காது. துணி இழை புற ஊதா விளக்கில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதுவும் பிந்தைய காலத்துத் துணி என்பதற்கு அடையாளம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பாதுகாப்பு வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே முறையாக எழுதிக் கேளுங்கள்.

மகளுக்கு என்ன உரிமை

"சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு, பொண்ணுக்கு என்ன பாத்தியதை?" என்று திருப்பூர்த் தம்பி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 1974-இல் இறந்தவருக்கு அது முழுமையாகப் பொருந்தும். தகப்பன் கையால் வரைந்த படத்தை விடச் சுயசம்பாத்தியம் வேறென்ன இருக்கிறது? அதே காரணத்தால் அந்த அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டாலும் போதாது. தம்பியின் கையெழுத்தும் வேண்டும்.

அஞ்சலட்டை, தினக்காட்டிக்கும் அவர்களிடம்தான் போக வேண்டும். படத்தை வாங்கினால் அச்சிடும் உரிமை கூடவே வராது. பதிப்புரிமை ஓவியர் இறந்த பிறகும் 60 வருடம் வாரிசுகளிடம் இருக்கும். உங்கள் ஓவியருக்கு 2034 முடியும்வரை. இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தின் விலையில், 10 சதவீதத்துக்கு மிகாத ஒரு பங்கைக் கேட்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரிமை தருகிறது. ஆகவே "கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது" என்ற பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். அவர் தானம் கேட்டு வந்தவர் அல்ல.

கடைசியாக, விலை

வியாபாரியின் ஆவணங்கள் சரியாக இருந்தாலும், பாதி சரியாக இருந்தாலும், இந்தப் படத்தை முறையாக உங்கள் சுவருக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: முத்தரப்பு ஒப்பந்தம். வியாபாரி தன்னிடம் உள்ள உரிமையை விற்கிறார். வாரிசுகள் இருவரும் தங்கள் உரிமைக்கோரிக்கையை முடித்துக்கொண்டு, அச்சிடும் அனுமதியும் தருகிறார்கள். அறக்கட்டளை கொடுக்கும் தொகை அவர்களுக்குள் எழுத்தில் பிரிக்கப்பட்டு, வங்கி வழியாகப் போகிறது. தகராறு உள்ள படத்தை 38-க்கு விற்க முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும். அதனால் விலை தானாக இறங்கும். ஆனால் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, குறைந்த பணத்தை நீங்களே வைத்துக்கொள்வது நியாயமில்லை. குறைகிற தொகையில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, நான் கேட்டுக்கொள்கிறேன்.

தொகையை முடிவு செய்ய, வியாபாரியோடு தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்குங்கள். இதே ஓவியரின் படங்கள் ஏலத்தில் போயிருந்தால் அந்த விலைகளைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு விற்பது வியாபாரிக்கும் பெயர் தரும் காரியம். அதனால் தள்ளுபடியும் மூன்று நான்கு தவணையும் கேட்பதில் தவறில்லை. அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்பது பதிவேட்டில் இருக்கட்டும். பொது அறக்கட்டளையின் பணம் போன விதத்தைக் கேட்டு, அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குப் போட முடியும்.

வியாபாரிக்குக் கடிதம் அனுப்பிய கையோடு அந்த அம்மாவின் வீட்டுக்கு நீங்களே போங்கள், அவரை வரவழைக்க வேண்டாம். திரும்பி வந்த ஆறு படங்கள் எங்கே, கண்காட்சி அழைப்பிதழோ கடிதமோ டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா, குதிரைச் சந்தைப் படம் வீட்டில் மாட்டியிருந்த காலத்துப் புகைப்படம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் பேசுவதை அவர் சம்மதத்தோடு பதிவும் செய்யுங்கள். 76 வயது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது உங்கள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.